ஒரு கோல் முன்னிலை, இருபது நிமிடம் பாக்கி: கோச் பின்வாங்கினால் ஜெயிக்கிறோமா, தோற்கிறோமா?

நடுவட்டம்

2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியிலிருந்து தொடங்குகிறேன். பயர்ன் மியூனிக் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. ஆட்டத்தின் பெரும்பகுதி செல்சியின் பாதியில்தான் நடக்கிறது. 83-வது நிமிடத்தில் தாமஸ் முல்லர் தலையால் முட்டி 1-0. நான்கு நிமிடம் கழித்து கோச் ஹைன்கஸ் அதே முல்லரை வெளியே எடுத்துவிட்டு வான் பைட்டன் என்ற சென்டர் பேக்கை, அதாவது நடுத் தடுப்பு வீரரை, இறக்குகிறார். அடுத்த நிமிடமே செல்சிக்கு அந்த ஆட்டத்தின் முதல் கார்னர். ட்ரோக்பா தலை. 1-1.

எல்லோரும் அந்தக் கார்னரைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. கூடுதல் நேரம் முப்பது நிமிடமும் முல்லர் களத்தில் இல்லை. ராப்பன் உதைத்த பெனால்டியை செக் பிடித்தார். ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் நோயரே வந்து ஒரு பெனால்டி உதைக்க வேண்டியதாயிற்று (போட்டும் விட்டார், அது வேறு விஷயம்). ஒலிச்சும் ஷ்வைன்ஸ்டைகரும் கோட்டைவிட, கோப்பை செல்சிக்குப் போனது. கடைசிச் சில நிமிடங்களைக் காப்பாற்றப் போய், அதற்குப் பின்னால் வரக்கூடிய அரை மணி நேரத்தை அடகு வைத்துவிட்டார் கோச்.

தடுப்பு ஆட்டமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் புகார் ஒன்றே ஒன்றுதான்: முன்னிலை வந்ததும் பெரும்பாலான கோச்கள் முதலில் வெளியே எடுப்பது வேகமான முன்கள வீரரை. அவர் இருக்கும்வரை எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகள், கூடவே ஒரு நடுகள வீரர், பின்னால் நின்றே ஆகவேண்டும். அவர் போனதும் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் முன்னே ஏறிவிடலாம். நாம் அடித்து விரட்டும் ஒவ்வொரு பந்தும் அவர்கள் காலுக்கே போய், பத்து விநாடியில் திரும்பி வரும். நாம் ஒரு தடுப்பு வீரரைக் கூட்டினோம், அவர்கள் இரண்டு தாக்குதல் வீரரைக் கூட்டிக்கொண்டார்கள். இதற்கு எதற்கு அந்த சப், அந்த ஆள் மாற்றம்?

உங்கள் கருத்து என்ன?

பழையஷூ

தம்பி, இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கோச் பின்வாங்கி, ஆட்டம் 1-0 என்றே முடிந்தால் அதை யாரும் மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை, இங்கே வந்து இழை திறப்பதும் இல்லை. கோட்டைவிட்ட ஆட்டம் மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

2004 யூரோவில் கிரீஸ் என்ன செய்தது? கால் இறுதியில் பிரான்ஸை 1-0, அரையிறுதியில் செக் குடியரசை 1-0, இறுதியில் போர்ச்சுகலை அவர்கள் ஊரிலேயே 1-0. ரேஹாகல் அந்த அணியை வைத்துக்கொண்டு திறந்த ஆட்டம் ஆடியிருந்தால் முதல் சுற்றிலேயே பெட்டி கட்டியிருப்பார்கள். 2010-ல் மொரீன்யோவின் இன்டர் பார்சலோனாவில் ஆடியதைப் பார்த்தீர்களா? முதல் ஆட்டத்தில் 3-1 முன்னிலை. 28-வது நிமிடத்தில் மொட்டாவுக்கு ரெட் கார்டு. பத்துப் பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கள் பாக்ஸின் முன்னால் சுவர் வைத்தார்கள். எட்டோ மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டு பேக் வேலை பார்த்தார். 84-வது நிமிடத்தில் பிக்கே ஒரு கோல் போட்டார், அவ்வளவுதான். மொத்தக் கணக்கில் 3-2, இன்டர் இறுதிக்குப் போய்க் கோப்பையும் வாங்கியது.

அன்று மெஸ்ஸிக்கு எதிராகத் திறந்து ஆடுங்கள் என்று இன்டரிடம் சொல்லியிருப்பீர்களா?

ஓரக்கோடு

இங்கிலாந்து கோச்சாக இருந்த சவுத்கேட் பெயர் இன்னும் வரவில்லை. இந்த இழைக்கு என் பாராட்டு.

நடுவட்டம்

@பழையஷூ அண்ணே, இன்டர் ஆட்டத்தை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது வேறு வகை. கைக்கு இரண்டு கோல் இருந்தது, ஒன்று போனாலும் பரவாயில்லை என்ற நிலை. அதுபோக, ஆள் குறைந்ததால் அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. நான் கேட்பது பதினொரு பேரும் களத்தில், ஸ்கோர் 1-0, எதிரணியும் நமக்குச் சமமானது என்ற நிலையில் என்ன செய்வது என்று.

@ஓரக்கோடு கேட்டதால் சொல்கிறேன். இங்கிலாந்துக்கு இது மூன்று முறை நடந்தது.

2018 உலகக்கோப்பை அரையிறுதி. 5-வது நிமிடத்தில் டிரிப்பியர் ஃப்ரீ கிக், 1-0. எதிரே குரோஷியா, அதற்கு முந்தைய இரண்டு சுற்றுகளிலும் கூடுதல் நேரமும் பெனால்டியும் ஆடிக் களைத்து வந்த அணி. களைத்த அணியை ஓடவிட வேண்டும். ஆனால் இரண்டாம் பாதியில் இங்கிலாந்தால் பந்தைக் காலில் வைத்திருக்கவே முடியவில்லை. 68-ல் பெரிசிச், 109-ல் மாண்ட்சுகிச்.

2021-ல் நடந்த யூரோ 2020 இறுதி. 2-வது நிமிடத்திலேயே லூக் ஷா கோல். அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரு கோலை வைத்தே குடித்தனம் நடத்தினார்கள். இத்தாலி கோச் மான்சினி 55-வது நிமிடத்துக்குள் இரண்டு பேரை மாற்றிவிட்டார். ஸ்ட்ரைக்கர் இம்மோபிலேவையே எடுத்துவிட்டு, இன்சினியேவை நடுவில் அலையவிட்டார். சவுத்கேட்டின் முதல் மாற்றம் வந்தது 67-ல் பொனூச்சி சமன் செய்ததற்குப் பிறகுதான். இதுதான் எனக்குப் பெரிய குற்றம். பின்வாங்கியதைவிட, எதிர் கோச் காயை நகர்த்திய பிறகும் சும்மா நின்றது.

2024 இறுதியில் கொஞ்சம் வேறு மாதிரி. பால்மர் 73-ல் 1-1 ஆக்கிய பிறகு ஸ்பெயின் தடுமாறிய ஒரு சில நிமிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளாமல் மறுபடி தங்கள் பாதிக்கே போய்விட்டார்கள். 86-ல் ஓயர்சபால்.

ஓரக்கோடு

என் பாராட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கணக்கு போடலாமா? எண்கள் கற்பனைதான், தர்க்கத்தைப் பாருங்கள்.

நாம் 1-0 முன்னிலை, இருபது நிமிடம் பாக்கி. வழக்கமான ஆட்டமே ஆடினால் நாம் இன்னொரு கோல் போட 20 சதவீதம், அவர்கள் போட 20 சதவீதம் என்று வையுங்கள். கணக்கு எளிதாக இருக்க, யாரும் ஒன்றுக்கு மேல் போட மாட்டார்கள் என்றும் வையுங்கள். நாம் வெற்றியை இழப்பது எப்போது? அவர்கள் போட்டு, நாம் போடாதபோது மட்டும். 0.20 × 0.80 = 16 சதவீதம்.

இப்போது கோச் எல்லோரையும் பின்னே இழுக்கிறார். நாம் கோல் போடும் வாய்ப்பு 5 சதவீதமாகச் சுருங்குகிறது. அவர்கள் போடும் வாய்ப்பு 15 சதவீதமாகக் குறைகிறது. இழப்பு: 0.15 × 0.95 = 14.25 சதவீதம். அதாவது இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் லாபம் இரண்டு சதவீதம்கூட இல்லை. அவர்களுடைய வாய்ப்பு 20-லிருந்து 17-க்குக் கீழே இறங்கினால்தான் பின்வாங்கியதற்கு அர்த்தமே இருக்கும்.

நடுவட்டம் சொல்வதுபோல வேகமான ஆளை எடுத்ததால் பந்து திரும்பத் திரும்ப வந்து, அவர்கள் வாய்ப்பு 25 ஆக ஏறிவிட்டால்? 0.25 × 0.95, கிட்டத்தட்ட 24 சதவீதம்.

முன்னிலையில் இருக்கும்போது நம்முடைய அடுத்த கோலுக்கு மதிப்பில்லை என்று பல கோச்கள் நினைப்பதுபோலத் தெரிகிறது. அந்தக் கோல் ஒரு இன்ஷூரன்ஸ். அதை ரத்து செய்தால், அந்தப் பணத்துக்கு வேறு எங்காவது பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

இன்னொன்று, முந்தைய பதிவில் விட்டுப்போனது. லீக் ஆட்டத்தில் 1-1 என்று நிற்கும்போது பயப்படுவதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியாத பயம். ஜெயித்தால் 3, டிரா 1, தோற்றால் 0. ரிஸ்க் எடுத்து முன்னே போனால் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் சம வாய்ப்பு என்றே வைத்தாலும், ஒரு பக்கம் கிடைப்பது கூடுதலாக 2 புள்ளி, மறுபக்கம் போவது 1 புள்ளி. தோற்கும் வாய்ப்பு ஜெயிக்கும் வாய்ப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் டிராவுக்கு ஒதுங்குவது சரி. வெற்றிக்கு 2 புள்ளி இருந்த காலத்தில் இது பொருந்தாது. அப்போது இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று. இங்கிலாந்து லீக் 1981-லேயே மூன்று புள்ளிக்கு மாறியது, உலகக்கோப்பை 1994-ல். ஆனால் 80-வது நிமிடத்தில் 1-1 என்றால் இன்றும் சில கோச்கள் இரண்டு புள்ளிக் காலத்திலேயே வாழ்கிறார்கள்.

நாக்-அவுட்டில் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே டிரா என்றால் கூடுதல் நேரம், அவ்வளவுதான். அதனால்தான் நாக்-அவுட் ஆட்டங்கள் இவ்வளவு மந்தமாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

வலதுபேக்

கணக்கெல்லாம் சரி. ஆனால் நீங்கள் எல்லோரும் கோச் "பின்னே போ" என்று சொன்னார், ஆட்கள் போனார்கள் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். களத்தில் அப்படி நடப்பதில்லை.

நான் கல்லூரி நாட்களில் வலது பேக் ஆடினேன், அப்புறம் உள்ளூர் லீக்கிலும். 1-0 முன்னிலை, 75-வது நிமிடம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எதிரணி ஒரு நீண்ட பந்தை நம் தலைக்கு மேல் போடுவார்கள். நாம் திரும்பி ஓடி அதை வெளியே தட்டுவோம். அடுத்த முறை அதே ஓட்டம் ஓடக் கூடாது என்று கால் தானாகவே மூன்று அடி பின்னே நிற்கும். பக்கத்தில் சென்டர் பேக்கும் அப்படியே. நடுகளத்தில் இருப்பவன் நமக்கும் அவனுக்கும் நடுவில் இடைவெளி விழுவதைப் பார்த்து அவனும் பின்னே வருவான். ஐந்து நிமிடத்தில் மொத்த அணியும் பாக்ஸ் வாசலில் நிற்கும். ஓரத்தில் கோச் "ஏறு, ஏறு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். காதில் விழும், காலில் விழாது.

டிவியில் பார்ப்பவருக்கு இது கோச்சின் திட்டம்போலத் தெரியும். பல நேரம் அது பயமும் களைப்பும் சேர்ந்த வேலை. கோச்சைத் திட்ட வேண்டும் என்றால், பின்வாங்கச் சொன்னதற்காகத் திட்டாதீர்கள். பின்வாங்குவது தெரிந்தும் அதை நிறுத்தப் புதுக் கால் ஒன்றைக் களத்தில் இறக்காததற்காகத் திட்டுங்கள்.

பெஞ்சுப்பையன்

@வலதுபேக் சரியாகப் பிடித்தீர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதி. அத்லெட்டிகோ மாட்ரிட் 36-வது நிமிடத்தில் கோடின் கோலால் முன்னிலை. அவர்கள் கோச் சிமியோனே என்றாலே தடுப்பு என்று பெயர். அதனால் ரியல் மாட்ரிடின் ராமோஸ் இஞ்சுரி டைமில் சமன் செய்ததும் "கோல் முன்னால் பஸ்ஸை நிறுத்தினால் இப்படித்தான்" என்றார்கள். உண்மையில் என்ன நடந்தது? காயத்தோடு இறக்கிய டியகோ கோஸ்டா 9-வது நிமிடத்திலேயே வெளியே. ஒரு சப் அங்கேயே காலி. 83-ல் ஃபிலிப்பே லூயிஸ் போனதும் அப்போது அனுமதித்த மூன்றும் முடிந்தது. கூடுதல் நேரத்தில் ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கொண்டே ஆடினார், மாற்ற ஆள் அனுமதி இல்லை. 4-1. அங்கே தோற்றது தடுப்பு ஆட்டமா, 9-வது நிமிடத்தில் வீணான சப்பா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது ஐந்து சப். அதனால் "களைத்துவிட்டார்கள்" என்ற சாக்கு கோச்சுக்குப் பாதி போய்விட்டது. ஐந்து சப் உள்ள காலத்தில் 1-0-வைக் காப்பாற்ற நான் (சின்னப் பசங்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்) முதலில் மாற்றுவது விங்கர்களை, அதுவும் விங்கருக்கு விங்கர். தடுப்பு வேலையில் அதிகம் ஓடுவது அவர்கள்தான். புது விங்கர் வந்தால் எதிரணி பக்கவாட்டு பேக் முன்னே வரத் தயங்குவான். அதுவே பெரிய தடுப்பு. சென்டர் பேக்கை இறக்குவது கடைசி ஐந்து நிமிடத்தில், அதுவும் அவர்கள் உயரமான ஆளை இறக்கி நீண்ட பந்து அடிக்கத் தொடங்கினால் மட்டும்.

கொடிதூக்கி

ஒரே கோச், ஒரே உலகக்கோப்பை, நான்கே நாள் இடைவெளி. 2018-ல் ஜப்பானின் நிஷினோ.

ஜூன் 28, போலந்துக்கு எதிராக 0-1 பின்னடைவு. ஆனால் வேறொரு மைதானத்தில் கொலம்பியா செனகலை 1-0 முந்துகிறது. அப்படியே முடிந்தால் மஞ்சள் கார்டு கணக்கில் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போகும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசிப் பத்து நிமிடம் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றது. மைதானமே கூவியது. அங்கே செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் நிஷினோ கதை முடிந்தது. போடவில்லை. ஜப்பான் போனது. உலகமே "கோழை" என்றது.

ஜூலை 2, பெல்ஜியத்துக்கு எதிராக. 48-ல் ஹராகுச்சி, 52-ல் இனுயி, 2-0. வெர்டோங்கனும் ஃபெலாய்னியும் சமன் செய்கிறார்கள். 90+4, ஜப்பானுக்குக் கார்னர். கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கலாம். இல்லை, ஆட்களை பாக்ஸுக்குள் அனுப்பிக் கார்னர் போடுகிறார்கள். கோர்ட்வா பிடித்து டி பிரைனாவுக்கு உருட்ட, அவர் பந்தோடு முன்னே ஓட, மூனியே குறுக்கே தள்ள, லுகாகு தொடாமல் விட, ஷட்லி. 3-2. "முட்டாள்" என்றார்கள்.

ஆக நிஷினோ கோழையா, முட்டாளா? நான்கு நாளில் ஒரு மனிதன் இரண்டும் ஆகிறான் என்றால், பட்டம் கொடுப்பது ஸ்கோர் போர்டு.

பழையஷூ

@கொடிதூக்கி கைகொடுங்கள். அதே ரகத்தில் இன்னொன்று: 2022 உலகக்கோப்பைக் கால் இறுதியில் பிரேசில், குரோஷியா. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிவில் நெய்மர் அற்புதமாக ஒரு கோல். இன்னும் 15 நிமிடம்தான். பிரேசில் என்ன செய்தது? 117-வது நிமிடத்தில் இரண்டாவது கோல் தேடி ஆட்கள் முன்னே நிற்கிறார்கள். ஓர்சிச் இடது பக்கம் ஓடி உள்ளே கொடுக்க, பெட்கோவிச் அடித்த பந்து மார்க்கினியோஸ் மேல் பட்டு உள்ளே போனது. அந்த ஆட்டத்தில் குரோஷியாவின் ஒரே குறிதவறாத ஷாட் அது. பெனால்டியில் பிரேசில் வீட்டுக்கு. அன்று பிரேசில் கோச் டிட்டே கொஞ்சம் "கோழையாக" இருந்திருந்தால் அரையிறுதியில் இருந்திருப்பார்.

கணக்குப்பிள்ளையின் இன்ஷூரன்ஸ் கணக்கு இருபது நிமிடத்துக்குச் சரி. மூன்று நிமிடத்துக்குச் சரியா?

கணக்குப்பிள்ளை

மூன்று நிமிடத்துக்கு நீங்கள் சொல்வதே சரி அண்ணே. நேரம் குறையக் குறைய நமது அடுத்த கோலின் மதிப்பு கரைந்துகொண்டே போகும், அவர்களுடைய கோலின் மதிப்பு அப்படியே இருக்கும். எல்லை எங்கே என்பதுதான் கேள்வி. 117-ல் முன்னே நிற்பது வீண். 60-ல் பின்னே நிற்பதும் அதே அளவு வீண். யூரோ 2020 இறுதியில் இங்கிலாந்து காப்பாற்ற வேண்டியிருந்தது 88 நிமிடம்!

மூலைக்கொடி

ரொம்ப நேரமாகப் படிக்கிறேன். எல்லோரும் "பின்னே நிற்பது" என்றால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு நிற்பது என்றே பேசுகிறீர்கள். 2010 ஸ்பெயினை மறந்துவிட்டீர்களா? முதல் ஆட்டம் சுவிட்சர்லாந்திடம் தோல்வி. பிறகு நாக்-அவுட் நான்கு ஆட்டமும் 1-0, 1-0, 1-0, 1-0. மொத்தத் தொடரிலும் எட்டே கோல் போட்டு, இரண்டே வாங்கி உலகக்கோப்பை. அந்த அணியை யாரும் தடுப்பு அணி என்று சொல்வதில்லை. ஆனால் முன்னிலை வந்த பிறகு சாவி, புஸ்கெட்ஸ், அலோன்சோ செய்தது என்ன? பந்தைப் பக்கவாட்டில் உருட்டி, எதிரணியைத் துரத்தவிட்டு, கடிகாரத்தை ஓட்டினார்கள். அது கெட்டியான பாதுகாப்பு ஆட்டம். பந்து நம் காலில் இருந்தால் அவர்களால் கார்னர்கூட எடுக்க முடியாது.

ஆகவே எத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். பந்தைப் பிடித்தால் அடுத்து யாரிடம் கொடுப்பது என்று அணிக்குத் தெரிகிறதா? அதைப் பாருங்கள்.

ஓரக்கோடு

சாவி, புஸ்கெட்ஸ், அலோன்சோ, கூட இனியஸ்தா இருந்தால் நான்கூட கோச்சாக இருந்து 1-0-வைக் காப்பாற்றுவேன்.

மூலைக்கொடி

நீங்கள் எந்த ஆட்டத்திலும் கோச்சாக இருக்க வேண்டாம் 😄

ஆனால் கேள்வி நியாயமானது. எல்லா அணிக்கும் அது முடியாது. முடியாத அணிக்கு வேகமான ஒரு ஆள் முன்னால் வேண்டும், இல்லையென்றால் பந்தை மார்பில் வாங்கி ஃபவுல் சம்பாதிக்கும் ஒரு பெரிய ஸ்ட்ரைக்கர் வேண்டும். இரண்டும் இல்லாமல், பந்தையும் வைத்திருக்கத் தெரியாமல் பின்வாங்கும் அணிக்குப் பிரார்த்தனை ஒன்றுதான் வழி.

பெஞ்சுப்பையன்

2022 உலகக்கோப்பை இறுதியை யாரும் இன்னும் தொடவில்லையே. முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. அர்ஜென்டினாவின் டி மரியா இடது பக்கம் டெம்பேலேயைப் படுத்தியெடுத்தார். பெனால்டி வாங்கித் தந்தார், 36-ல் தானே ஒரு கோல். பிரான்ஸ் கோச் டெஷாம்ப் இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல் 41-லேயே ஜிரூவையும் டெம்பேலேயையும் எடுத்தார். இரண்டாம் பாதியிலும் அர்ஜென்டினாவின் கைதான் ஓங்கியிருந்தது. 64-ல் அவர்கள் கோச் ஸ்கலோனி டி மரியாவை எடுத்துவிட்டு அகுன்யாவை, ஒரு இடது பேக்கை, இறக்கினார். 80-ல் எம்பாப்பே பெனால்டி. 81-ல் கோமன் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறிக்க, எம்பாப்பே இன்னொன்று. 2-2.

நடுவட்டம் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டுமா?

பழையஷூ

டி மரியா அந்தத் தொடரில் காயத்தோடு இருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கவில்லை, நெதர்லாந்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசியில் வந்தார், அரையிறுதியிலும் இல்லை. அவரிடமிருந்து 64 நிமிடம் கிடைத்ததே பெரிது. அவரை எடுத்ததைப் "பயம்" என்று எழுதுவது நியாயமே இல்லை.

இன்னொன்று. அந்த சப்புக்கும் முதல் கோலுக்கும் நடுவில் 16 நிமிடம் போயிருக்கிறது. முதல் கோல் ஒட்டமெண்டி கோலோ முவானியைப் பிடித்து இழுத்ததால் வந்த பெனால்டி. அது டி மரியா இருந்திருந்தாலும் நடந்திருக்கும்.

பெஞ்சுப்பையன்

எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை அண்ணே. அவருக்குப் பதிலாக யார் வந்தார் என்பதுதான் என் கேள்வி. டி மரியா போனதும் பிரான்ஸின் வலது பக்கத்துக்கு இருந்த பயம் போய்விட்டது. 71-ல் டெஷாம்ப் கிரீஸ்மானை எடுத்துவிட்டுக் கோமனை இறக்கியது அந்தப் பக்கத்தை நம்பித்தான். காயம்பட்ட விங்கருக்குப் பதில் இன்னொரு விங்கரோ ஓடக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கரோ வந்திருந்தால் அந்தப் பக்கம் அவ்வளவு சுலபமாகத் திறந்திருக்காது.

பழையஷூ

அது ஏற்கத்தக்க வாதம். ஆனால் கால் இறுதியையும் சேர்த்துப் பாருங்கள்: நெதர்லாந்துக்கு எதிராகவும் 2-0, அங்கும் 83-ல் ஒன்று, 90+11-ல் ஒன்று, இரண்டும் வெக்ஹோர்ஸ்ட். அதே அணி, ஒன்பதே நாள் இடைவெளியில் இரண்டு முறை 2-0-விலிருந்து 2-2. இரண்டு முறையும் பெனால்டியில் தப்பித்தது. எமிலியானோ மார்ட்டினெஸ் 123-வது நிமிடத்தில் கோலோ முவானியின் ஷாட்டைக் காலால் தடுக்கவில்லை என்றால் இன்று ஸ்கலோனியை இந்த இழையில் சவுத்கேட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பீர்கள். இப்போது அவர் உலகக்கோப்பை வாங்கிய கோச், அதனால் விங்கர் எங்கே என்று மரியாதையாகக் கேட்கிறோம்.

வலதுபேக்

நெதர்லாந்தின் அந்த இரண்டாவது கோல், பின்வாங்கும் அணிகளின் இன்னொரு வியாதியைக் காட்டுகிறது: பாக்ஸ் வாசலில் ஃபவுல். பின்னே நின்றால் ஒவ்வொரு தப்பும் கோலுக்கு இருபது மீட்டர் தூரத்தில் நடக்கும். நடுகளத்தில் செய்தால் ஒன்றும் ஆகாத அதே ஃபவுல், அங்கே ஃப்ரீ கிக், பெனால்டி, கார்னர். களத்தில் நிற்கும்போது உடம்பு களைத்திருக்கிறது, ஒரு விநாடி தாமதமாகக் காலை நீட்டுகிறோம். 1-0-வைப் பாதுகாக்கிறோம் என்று நினைக்கும்போதே எதிரணிக்கு செட் பீஸ் விநியோகம் செய்துகொண்டிருக்கிறோம். 2012-ல் ட்ரோக்பா, 2014-ல் ராமோஸ், இரண்டும் கார்னர்தானே.

கணக்குப்பிள்ளை

கூடவே நேரத்தைக் கடத்துவதும் இப்போது செலவாகிவிட்டது. அர்ஜென்டினா நெதர்லாந்து ஆட்டத்தில் 10 நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள். தரையில் உருண்டு சம்பாதித்த நேரம் வட்டியோடு திரும்பி வந்தது. 2025-26 சீசனிலிருந்து கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு ஆறு விநாடி, மறைமுக ஃப்ரீ கிக் என்று விதி இருந்தது, நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவே மாட்டார்கள். இப்போது தண்டனை சின்னதாக இருப்பதால் ஊதத் தயங்க மாட்டார்கள். வலதுபேக் சொன்ன செட் பீஸ் விநியோகத்தில் இதுவும் ஒரு கிளை.

நடுவட்டம்

பழையஷூ அண்ணனுக்கு ஒரு கேள்வி. 1-0 முன்னிலை, 70-வது நிமிடம், பெஞ்சில் ஒரு உயரமான சென்டர் பேக், ஒரு சின்ன வயது விங்கர். உங்கள் ஸ்ட்ரைக்கருக்கு மூச்சு வாங்குகிறது. யாரை இறக்குவீர்கள்?

பழையஷூ

எதிரணி எப்படி வருகிறது? பக்கவாட்டிலிருந்து கிராஸ் போடுகிறார்களா, நடுவில் சின்னச் சின்ன பாஸா?

நடுவட்டம்

கிராஸ். பத்து நிமிடமாக கிராஸ் மட்டும்தான்.

பழையஷூ

அப்படியானால் விங்கர். கிராஸைப் போடவிட்டு பாக்ஸுக்குள் தலையால் முட்டுவதைவிட, போடுபவனைத் தன் பாதியிலேயே ஓடவைப்பது மேல். ஸ்ட்ரைக்கருக்குப் பதில் விங்கரை முன்னால் விட்டு, அவர்கள் பேக் ஏறி வரும் பக்கமே அவனை நிறுத்துவேன். சென்டர் பேக் 85-க்கு மேல், அதுவும் அவர்கள் கோல்கீப்பர் பந்தை நேராக பாக்ஸுக்குள் அடிக்க ஆரம்பித்தால்.

சிரிக்காதீர்கள், நான் எப்போதும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓரக்கோடு

70-வது நிமிடத்திலேயே மாற்றுகிறாரா? அண்ணனை இங்கிலாந்து கோச் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.